லூகானிஸ் யாரென்று அந்தப் பையன்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததா?

கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஐம்பதைத் தாண்டிய தமிழர், அமெரிக்காவில் வேலை. அவரோடு வேலை பார்க்கும் கே (தன்பாலீர்ப்பு) நண்பர்கள் இருவருக்கும் வயது அறுபதை ஒட்டி. மதியச் சாப்பாட்டின்போது பேச்சு ஒலிம்பிக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. பள்ளி நாட்களில் டைவிங் வீரர் கிரெக் லூகானிஸ்மேல் தங்களுக்குப் பெரிய கிரஷ் இருந்தது என்று இருவருமே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. டிவியில் பார்த்த முதல் நாளே 'இவன் நம்ம ஆள்' என்று தெரிந்துவிட்டது என அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் லூகானிஸ் தன்னைப் பற்றி ஊரறியச் சொன்னது 1994-இல்தான். பத்து வருடம் முன்னால் எங்கோ ஒரு ஊரில் சோபாவில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்? நிஜமாகவே தெரிந்ததா, இல்லை பின்னால் ஒட்டிக்கொண்ட கதையா? இதுதான் கேள்வி.

கேள்வியின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. நிறைய பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். "எனக்கும் அந்த வயதில் ஒரு கிரிக்கெட் வீரர்மேல் ஒரு இது. பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி கிளார்க்ஸ் டேபிள் (மடக்கை அட்டவணை) புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், இன்னும் இருக்கிறது." ஆக, நீங்கள் கேட்பது உங்கள் நண்பர்களைப் பற்றி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு நினைவை, நான் யார் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மனநல ஆலோசகர். மதுரையில் படித்தவன், கலிபோர்னியாவுக்கு வந்து இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைக் கடந்த தன்பாலீர்ப்பு ஆண்கள். லூகானிஸ் பெயர் என் அறையில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி வைக்கவில்லை, ஆனால் அடிக்கடி வரும். நினைவாற்றல் ஆய்வு என் துறை இல்லை. தொழிலுக்குத் தேவையான அளவு படித்திருக்கிறேன், அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்கள் ஏதோ ஒரு சுமையோடு வருகிறவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அந்த வயதில் யார்மேலும் கிரஷ் வந்து, தானாகப் போய், நிம்மதியாக இருப்பவர்கள் என் கதவைத் தட்டுவதில்லை. கீழே சொல்லும் ஆட்களின் விவரங்களைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் யாரையும் அடையாளம் காண முடியாது.

லூகானிஸைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1960-இல் பிறந்தவர். பெற்றோர் பதின்வயதினர், தந்தை சமோவா வழி வந்தவர். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கலிபோர்னியாவில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. லூகானிஸ் என்பது வளர்ப்புத் தந்தையின் கிரேக்கப் பெயர். நடக்கப் பழகிய கையோடு நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ். பள்ளியில் வாசிப்பு வரவில்லை, டிஸ்லெக்சியா என்று தெரிந்தது பிற்பாடு. கறுத்த தோலுக்காகவும், நடனமாடுகிறான் என்பதற்காகவும், திக்கித் திக்கிப் படிப்பதற்காகவும் அடியும் கேலியும் வாங்கிய பையன். 1976 மான்ட்ரியாலில் பதினாறு வயதில் 10 மீட்டர் பிளாட்ஃபாரத்தில் வெள்ளி. 1980 மாஸ்கோவை அமெரிக்கா புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு போயிற்று. 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஸ்பிரிங்போர்டு (துள்ளும் பலகை), பிளாட்ஃபாரம் (அசையாத மேடை) இரண்டிலும் தங்கம். ஸ்பிரிங்போர்டில் இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் இடையே 90 புள்ளிக்கு மேல் வித்தியாசம். பிளாட்ஃபாரத்தில் 710.91 புள்ளி.

இந்த எண்களை என் அறைக்கு வருகிறவர்கள் யாரும் சொன்னதில்லை. அவர்கள் சொல்வது வேறு. பலகையின் நுனியில் முதுகைக் காட்டி நிற்கும் அந்த மூன்று நான்கு விநாடிகள். கை மெதுவாக உயர்வது. ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்பக் காட்டுவது. தண்ணீரிலிருந்து வெளியே வந்து சின்னத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்கோர் போர்டைக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பது. ஒருவர் சொன்னார், அப்பா பக்கத்து நாற்காலியில், அம்மா சமையலறையில், தங்கை தரையில், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது ஒரு ஆணை அவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்க்க முடிந்தது அந்த இரண்டு வாரம்தான் என்று. என் பார்வையில் விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஏன் எல்லோரும் லூகானிஸ், லூகானிஸ் என்கிறார்கள் என்று கேட்டால், அவரிடம் எதையோ மோப்பம் பிடித்தார்கள் என்பதைவிட, அவரைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

டைவிங்கை மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் தலைக்கவசமும் தோள்கவசமும் ஆளையே மறைத்துவிடும். பேஸ்பாலில் கேமரா பந்தின் பின்னால் ஓடும். டைவிங்கில் பந்து இல்லை, எதிராளி இல்லை, ஓட்டம் இல்லை. உடம்புதான் விளையாட்டு. முட்டி சேர்ந்திருந்ததா, பாத விரல் நீண்டிருந்ததா, தண்ணீர் தெறித்ததா என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவதே அந்த உடம்பின் கோட்டுக்குத்தான். அதை உற்றுப் பார்ப்பதுதான் பார்வையாளரின் வேலை என்று வர்ணனையாளரே சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப் பார்க்கும் பையனை யார் சந்தேகப்படுவார்கள்? நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தருகிறவனைத்தானே பார்க்கிறான்!

இதற்கு எதிர்ச்சோதனை மாதிரி ஒன்று சொல்கிறேன். இவர்களைவிடப் பத்து வயது மூத்தவர்களிடம் கேட்டால் லூகானிஸ் பெயர் வராது, மார்க் ஸ்பிட்ஸ் பெயர் வரும். 1972 மியூனிக்கில் நீச்சலில் ஏழு தங்கம் வாங்கியவர். ஏழு பதக்கத்தையும் கழுத்தில் தொங்கவிட்டு, நீச்சல் உடையில் அவர் நிற்கும் போஸ்டர் அமெரிக்கா முழுக்க விற்றது. ஸ்பிட்ஸ் ஒரு பெண்ணைத் திருமணம் செய்து பிள்ளைகளைப் பெற்றவர். எண்பதுகளின் ஆட்களில் சிலர் பேஸ்பால் வீரர் ஜிம் பாமர் ஜாக்கி விளம்பரத்தில் வந்ததைச் சொல்வார்கள். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் டைம்ஸ் ஸ்கொயரில் கால்வின் கிளைன் உள்ளாடைக்கு வைத்த ராட்சத விளம்பரத் தட்டியைச் சொல்வார்கள். 1982-இல் அதில் இருந்தவர் டாம் ஹிண்ட்னாஸ் என்ற போல் வால்ட் வீரர். இந்த மூவரைப் பற்றிப் பேசும்போது 'அப்போதே தெரியும்' என்று யாரும் சொல்வதில்லை. 'சே, என்ன அழகு' என்று மட்டும் சொல்கிறார்கள். கிரஷ்ஷின் சூடு எல்லாருக்கும் ஒன்றுதான். 'தெரியும்' என்ற சொல் லூகானிஸுக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்றால், அவர் விஷயத்தில் மட்டும்தான் கதை பிற்பாடு அந்தப் பக்கம் திரும்பியது.

இப்போது நினைவுக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. ஆனால் பொய் சொல்லாமலே தவறாக நினைவு வைத்திருக்க மனிதனால் முடியும், அதுவும் முழு நம்பிக்கையோடு முடியும். 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறிய மறுநாள், அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் செய்தியை எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார். கால்வாசிப் பேர் சொன்னது முதலில் எழுதியதோடு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. அதைவிட ஆச்சரியம், பலர் தங்கள் தவறான நினைவைப் பற்றி நூற்றுக்கு நூறு உறுதியாக இருந்தார்கள். தங்கள் கையெழுத்திலேயே எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. இரண்டரை வருடத்துக்கே இப்படி என்றால் நாற்பது வருடத்தைச் சொல்ல வேண்டுமா?

லூகானிஸ் விஷயத்தில் இதை என் கண்முன்னால் பார்த்திருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சியோல் ஒலிம்பிக்ஸ், 1988 செப்டம்பர் 19. ஸ்பிரிங்போர்டு தகுதிச் சுற்றில் ஒன்பதாவது டைவ். ரிவர்ஸ் இரண்டரைச் சுற்று. அதில் பலகையை விட்டு முன்னால் எம்பி, பலகையைப் பார்த்துப் பின்னோக்கிச் சுழல வேண்டும். போதுமான தூரம் எம்பவில்லை, பின்மண்டை பலகையில் 'டொக்' என்று மோதியது. ரத்தம். தையல் போட்டார்கள். சுமார் 35 நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அடுத்த டைவை அடித்தார், அந்தச் சுற்றிலேயே அதுதான் மிக உயர்ந்த மதிப்பெண். மறுநாள் தங்கம். அதிலிருந்து ஒரு வாரம் கழித்து பிளாட்ஃபாரத்தில் பதினான்கு வயதுச் சீனப் பையன் ஷியோங் நியை வெறும் 1.14 புள்ளியில் முந்தி இன்னொரு தங்கம். அந்தக் கடைசி டைவ் ரிவர்ஸ் மூன்றரைச் சுற்று. 1983-இல் எட்மண்டனில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் செர்கெய் சலிபாஷ்விலி என்ற சோவியத் வீரர் அதை முயன்றபோது தலை மேடையில் மோதி, ஒரு வாரத்தில் இறந்துபோனார். அந்தப் போட்டியில் லூகானிஸும் இருந்தார். இதெல்லாம் பதிவில் இருக்கிற விஷயம்.

அந்தத் தலையடியை நேரலையில் பார்த்ததாக என்னிடம் ஒருவர் விவரித்தார். ரத்தம் தண்ணீரில் கலந்ததைப் பார்த்ததும் 'ஐயோ, இவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதே, மற்றவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்று தான் பதறியதாகச் சொன்னார். சொல்லும்போதே குரல் நடுங்கியது. ஆனால் அது நடந்திருக்கவே முடியாது. லூகானிஸுக்குத் தொற்று இருப்பது 1988-இல் சியோலுக்கு ஆறு மாதம் முன்புதான் அவருக்கே தெரியவந்தது. பயிற்சியாளர் ரான் ஓ'பிரையன் உள்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் அறிவார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏ.இசட்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் பயிற்சி செய்தார். கையுறை போடாமல் தையல் போட்ட மருத்துவருக்கே விஷயம் தெரியாது. பிற்பாடு சோதித்துப் பார்த்ததில் அவருக்குத் தொற்று இல்லை. உலகத்துக்குத் தெரிந்தது 1995 பிப்ரவரியில், பார்பரா வால்டர்ஸ் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில். என்னிடம் வந்தவர் 1988-இல் பதறியது உண்மையாக இருக்கலாம். தலையில் அடிபட்டால் யாரும் பதறுவார்கள்தானே. 1995-இல் வந்த பயம், ஏழு வருடம் பின்னால் போய் அந்தப் பதற்றத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. நான் தேதிகளைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அப்படியானால் நான் எதற்காக அழுதேன்?' என்று கேட்டார். அது நல்ல கேள்வி, அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பல வாரம் பேசினோம்.

அந்தப் பல வாரத்தில் வெளியே வந்தது அவர் 1988-இல் யாருக்காகப் பயந்துகொண்டிருந்தார் என்பது. அவருக்காகத்தான். அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973-இல் எடுத்துவிட்டதுதான். ஆனால் 1986-இல்கூட, ஆணும் ஆணும் தங்கள் படுக்கையறையில் சேர்ந்திருப்பதை ஒரு மாநிலம் குற்றம் என்று சொல்லலாம் என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மாற 2003 ஆயிற்று. 1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை. 1985 அக்டோபரில் ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சன் எய்ட்ஸால் மரணம். டிவியில் 'கே' என்ற சொல் வந்தால் அடுத்த வரியில் சாவு வரும் என்ற நிலை. அந்த வீட்டுக் கூடத்தில் அதே டிவியில் ஆரோக்கியமும் அழகுமாக ஒருவர் பலகை நுனியில் நிற்கிறார். பையனுக்கு அவர் யார் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. கொஞ்ச நேரம் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

சரி, யாருக்கும் எதுவுமே தெரிந்திருக்க வழியில்லையா என்றால், அப்படியும் முடித்துவிட முடியாது. டைவிங் உலகத்துக்குள் லூகானிஸ் பற்றி அணியினர் பலருக்குத் தெரியும், அதனால் ஒதுக்கப்பட்டதும் உண்டு என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1984-இல் இரண்டு தங்கம் வாங்கியும், பெரிய விளையாட்டு வீரர்களின் படத்தைப் போடும் வீட்டீஸ் என்ற காலையுணவு தானிய டப்பாவில் அவர் படம் வரவில்லை. தன்னைப் பற்றிய கிசுகிசுதான் காரணம் என்பது அவர் எண்ணம். ரசிகர்கள் மனு போட்டு, 2016-இல்தான் அந்த டப்பாவில் அவர் வந்தார். ஆக, பெரியவர்கள் மத்தியில் முணுமுணுப்பு இருந்திருக்கிறது. நியூயார்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ இருந்த இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் 'எனக்கு அப்போதே தெரியும்' என்றால் நான் மறுக்க மாட்டேன், யாராவது சொல்லிக் கேட்டிருப்பார். சோளக்காட்டு நடுவே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பையன் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

'பார்த்தாலே தெரியும்' என்ற வாதத்தையும் தொட்டுவிடுகிறேன். முகத்தின் புகைப்படத்தை மட்டும் காட்டிக் கேட்டால் மக்கள் தற்செயலைவிடச் சற்று அதிகமாகச் சரியாகச் சொல்கிறார்கள் என்று சில ஆய்வுகள் உண்டு. அவற்றை மறுப்பவர்களும் உண்டு. அந்த ஆய்வுகளை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு உதவாது. பேச்சுக்கு, நூறு வீரர்களில் ஐந்து பேர் கே என்றும், உங்கள் கண் நூற்றுக்கு அறுபது முறை சரி என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தில் மூன்று பேரைப் பிடித்துவிடுவீர்கள். மீதி 95 பேரில் 38 பேரையும் தவறாக 'நம்ம ஆள்' என்பீர்கள். மொத்தம் 41 பேர், அதில் சரியானது மூன்று. மற்ற 38 பேரைப் பற்றிப் பிற்பாடு எந்தச் செய்தியும் வராது, அதனால் அந்த ஊகங்கள் மறந்துபோகும். மூன்று பேர் பற்றி வந்தால் 'பார்த்தியா, சொன்னேனே' என்று நெஞ்சில் பதிந்துவிடும். தேர்தல் முடிவு வந்த மறுநாள் டீக்கடையில் எல்லாருமே முன்கூட்டிச் சொன்னவர்களாக இருப்பார்களே, அந்த மாதிரிதான்.

இவ்வளவு சொன்னபிறகு, எது நிச்சயம் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே கற்பனை என்று நான் சொல்வதாக ஆகிவிடும். உணர்ச்சி நிச்சயம். வயிற்றில் ஏதோ புரண்டது, காது சூடானது, அம்மா உள்ளே வந்தபோது காரணமில்லாமல் சேனலை மாற்றியது, அந்தப் பக்கத்தைப் பத்திரிகையிலிருந்து கிழித்து மெத்தைக்கு அடியில் வைத்தது. இப்படிப்பட்ட சில்லறை விவரங்களை நான் பெரிதும் நம்புகிறேன். அவற்றில் பெருமை எதுவும் இல்லை, யாரும் கேட்டு ரசிக்கும் கதையாகவும் அவை இல்லை, ஆகவே பிற்பாடு மெருகேற்ற வேண்டிய தேவையும் குறைவு. சேனலை மாற்றினான் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியமான தடயம். அந்தப் பையனுக்கு லூகானிஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன்னைப் பற்றி ஏதோ தெரிந்திருந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. 'இவன் நம்ம ஆள்' என்று இன்று சொல்லும்போது, 'நான் அந்த ஆள்' என்று அன்று அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் இடம் மாற்றிச் சொல்கிறார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

சந்தேகமான இன்னொன்று, அது ஈர்ப்பா, இல்லை 'நானும் அவனைப் போல இருக்க வேண்டும்' என்ற ஆசையா என்பது. புத்தகங்களில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். அறையில் உட்கார்ந்து கேட்டால் அப்படிப் பிரிந்து வருவதில்லை. சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்துவிட்ட நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னது மறக்கவில்லை. வகுப்பில் அவர் ஒருவர்தான் மாநிறம். அமெரிக்கக் கொடியோடு மேடையில் நின்றவர்களில் தன் நிறத்துக்குப் பக்கத்தில் வந்த ஒரே உடம்பு லூகானிஸுடையது என்றார். அவருக்கு அது கிரஷ்ஷா, ஆறுதலா? என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டபோது அவரும் தோளைக் குலுக்கினார். கே இல்லாத பையன்களுக்கும் வீரர்கள்மேல் இப்படிப்பட்ட பைத்தியம் வருவது உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளையின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து முடிவுக்கு வர நினைக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து வேண்டாம்.

ஏன் இந்த வயதில் இதை இவ்வளவு ஆசையோடு திரும்பப் பேசுகிறார்கள் என்றும் கேட்கலாம். பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகள் வயதானபின் மற்ற காலத்தவற்றைவிட அதிகமாக மேலே வரும் என்பது உளவியலில் நன்றாக நிலைபெற்ற விஷயம். எல்லாருக்கும் அப்படித்தான். நாமும் அந்த வயதில் கேட்ட பாட்டைத்தானே இன்றும் முணுமுணுக்கிறோம். ஆனால் இந்தத் தலைமுறை கே ஆண்களுக்கு அந்த இடைப்பட்ட காலம் பெரும்பாலும் சாவு வீடாகக் கழிந்தது. ஒருவர் தன் முதல் காதலனை 1991-இல் புதைத்தார், அடுத்த மூன்று வருடத்தில் நண்பர்கள் ஆறு பேரை. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடிய நினைவு என்று கையில் மிச்சமிருப்பது, யாரும் நோயில் விழுவதற்கு முன்பு, 1984 கோடையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான். அதிலும் அந்த டிவியில் இருந்தவர் செத்துப்போகவில்லை. 1995-இல் லூகானிஸ் தன் தொற்றைச் சொன்னபோது சீக்கிரம் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடக் கடைசியிலிருந்து புதிய மருந்துகள் வரத் தொடங்கின. 2013-இல் அவர் ஒரு ஆணைத் திருமணம் செய்துகொண்டார், அந்தப் படங்களைக்கூட என்னிடம் காட்டியிருக்கிறார்கள், ஏதோ சொந்தக்காரப் பையன் கல்யாணம் மாதிரி.

உங்கள் நண்பர்களிடம் இந்தத் தேதிகளையெல்லாம் கொண்டுபோய் மேசையில் போட வேண்டாம். என் அறையில் நான் அதைச் செய்ததற்குக் காரணம் இருந்தது, வந்தவர் அந்த நினைவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களுக்கு அந்தச் சிகிச்சை தேவையில்லை. தெரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால், தெரியுமா என்று கேட்காமல், எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கதை வேறு மாதிரி வரும், பெரும்பாலும் அதைவிட நன்றாக.

உங்கள் கிரிக்கெட் வீரர் விஷயம். அவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, நல்ல வேளை, எழுதாதீர்கள். உங்கள் நினைவு உங்களைப் பற்றித்தான் எதையாவது சொல்லும், அவரைப் பற்றி எதுவும் சொல்லாது. உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அந்த ஒரு படத்தை வைத்து நான் தீர்மானிக்க மாட்டேன், நீங்களும் அவசரப்பட வேண்டாம். அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருடத்தில் மனது யார் யார் பக்கம் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதை யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும் போலிருந்தால், பொதுவெளியில் வேண்டாம், தன்பாலீர்ப்பு ஆட்களோடு பழகிய ஆலோசகர் ஒருவரை உங்கள் ஊரில் தேடிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் முறை வாயைத் திறக்கும்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தத் துண்டு. வெறும் செய்தித்தாள் தாள் மரக்கூழில் செய்தது, வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி மடிப்பில் விரிசல் விடும். கிளார்க்ஸ் டேபிளுக்குள் இருட்டில் இருந்ததால்தான் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. மடித்திருந்தால் மெதுவாகப் பிரித்து, அமிலம் இல்லாத வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அதன் பசை பத்து வருடத்தில் படத்தைத் தின்றுவிடும்.